லிஃப்ட்டுக்காரர் குடிமாறிய கதை

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாழ்க்கையில் ஏற்ற இறக்கம் சகஜம் என்று யாராவது தத்துவம் பேசினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அதனால்தான். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் ஒன்பது மாடி, மூன்று லிஃப்ட். மூன்றும் இவர் பொறுப்பு. எங்கள் வீடு ஒன்பதாவதில். அதற்கு மேலே மொட்டை மாடியும் லிஃப்ட் மெஷின் அறையும்தான்.

நல்ல மனுஷர், கைசுத்தமான வேலைக்காரர். ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அந்த முயலைத் தூக்கிக்கொண்டுதான் இத்தனை வருஷமாகத் தன் சொந்த அண்ணனோடு பேசாமல் இருந்தார்.

அண்ணனுக்கு வேறு ஊரில், ஏரிக்கரைப் பம்ப் ஹவுஸில் வேலை. நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று அவர் வந்தார். தம்பி கீழே லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தான் துடைத்து எண்ணெய் போட்டுப் பளபளவென்று வைத்திருந்த லிஃப்ட்டுக்குள் அவரை அழைத்தார். அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "நான் படியிலயே வரேன்" என்றார். ஒன்பது மாடியும் ஏறி, வியர்த்து விறுவிறுத்து அவர் வந்து சேர்ந்தபோது வீடு நிறைய ஆட்கள். எவனோ ஒருவன், "கூடப் பொறந்தவரே உங்க லிஃப்ட்டை நம்ப மாட்டேங்கறாரே!" என்று சிரித்தான். இவர் முகம் சுருங்கிவிட்டது. "என் மேல நம்பிக்கை இல்லைன்னா என் வீட்டுக்கு ஏன் வந்தே?" என்று கேட்டுவிட்டார். அண்ணன் வந்த வழியே படியிறங்கிப் போய்விட்டார். அவ்வளவுதான் சண்டை. கேட்டால் கோழி கூடச் சிரிக்கும்.

அதற்குப் பிறகு ஒரு போன் இல்லை, ஒரு நல்ல நாள் விசாரிப்பு இல்லை. ‘அவன் பண்ணட்டும்’ என்று இவர் இங்கே உட்கார்ந்திருந்தார். அவர் அங்கே என்ன சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ.

இது இப்படி இருக்க, போன வருஷம் இவருக்கு இன்னொரு அவமானம் நேர்ந்தது. உலகமே புழங்குகிற பெரிய கம்பெனியின் சமூக வலைத்தளம் ஒன்றில் கணக்கு வைத்திருந்தார். ஒருநாள் தேய்ந்துபோன லிஃப்ட் கயிற்றைப் படம் எடுத்துப் போட்டு, "தொங்கிக்கிட்டிருந்த ரெண்டு பேரையும் இறக்கியாச்சு. இந்தக் கயிறு இனிமே தாங்காது, நாளைக்கு வேற கயிறு" என்று எழுதினார். கம்பெனியின் மெஷின் இவரைக் கொலைகாரர் என்று முடிவுகட்டிக் கணக்கைப் பூட்டிவிட்டது. முறையீடு அனுப்பினார். கையிலிருந்த காப்பி ஆறுவதற்குள் பதில் வந்தது: ‘உங்கள் முறையீட்டை மிகக் கவனமாகப் பரிசீலித்தோம்.’ எங்கள் மகள் முதல் பல் விழுந்து சிரித்த படம் உட்பட எல்லாம் போயிற்று. யாரிடம் போய்க் கேட்பது? கதவைத் தட்டலாம் என்றால் கதவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஏழாம் மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் இன்ஜினியர் பெண் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டாள். இவர் வெளியே நின்று கதவை நெம்பிக்கொண்டே, அவள் பயப்படாமல் இருக்கட்டும் என்று பேச்சுக் கொடுத்தார். பேச்சு எங்கே சுற்றியும் பூட்டிய கணக்கில் வந்து நின்றது. மாட்டிக்கொண்டவளும் அவள், ஆறுதல் சொன்னவளும் அவள்.

"அண்ணா, உங்க சிம் ஒரு கம்பெனி, என் சிம் வேற கம்பெனி. ரெண்டு பேரும் பேச முடியுதா இல்லையா?"

"முடியுது."

"அதே மாதிரி ஒண்ணு இருக்கு. யார் வேணும்னாலும் சொந்தமா ஒரு சர்வர், அதாவது எல்லாரோட பதிவும் தங்கற ஒரு கம்ப்யூட்டர், வெச்சுக்கலாம். உங்க சர்வர்ல இருந்துக்கிட்டே வேற சர்வர்ல இருக்கறவங்களைப் பின்தொடரலாம், பேசலாம். பேசற முறை மட்டும் எல்லாருக்கும் பொது. ஒரு இடம் பிடிக்கலைன்னா, உங்களைப் பின்தொடர்றவங்களையும் கூட்டிக்கிட்டு இன்னொரு சர்வருக்குக் குடிபோயிடலாம்."

"அப்ப இதுக்கு முதலாளி யாரும்மா?"

"யாருமில்ல. இல்லைன்னா எல்லாரும்தான்."

இவர் நெம்புவதை நிறுத்திவிட்டார். கதவு திறந்து அவள் வெளியே வந்த பிறகும் விடவில்லை. அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று அவள் படியிறங்கி ஓட, இவரும் கூடவே சந்தேகம் கேட்டபடி இறங்கினாராம்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டில் என் இஸ்திரி மேசைக்கு அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்து உறுமத் தொடங்கியது. அதுதான் சர்வராம். பெயர் ‘மேலே கீழே’. லிஃப்ட்டுக்குள், ‘எட்டு பேருக்கு மேல் ஏறக்கூடாது’ என்ற பலகைக்குப் பக்கத்தில் இவர் இன்னொன்றை எழுதி ஒட்டினார்: ‘நமக்கு நாமே முதலாளி. இங்கே யாரும் யாரையும் வெளியே தள்ள முடியாது.’ கட்டடத்தில் பாதிப் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது போல் ஆயிற்று. லிஃப்ட் நின்றால் ஒரு போன், சர்வர் நின்றால் ஒரு போன். ஒருநாள் ஒரு சட்டையைத் தேய்க்கலாமே என்று நான் பிளக்கைப் பிடுங்கினேன். காலர் முடிவதற்குள் ஆறு மாடிகளிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். பெரிய கம்பெனி போனால் ஊரே தவிக்கும், சரி. இங்கே நான் ஒரு சட்டையைத் தேய்த்தால் ஒரு கட்டடமே ஊமையாகிறது.

நாலாம் மாடி வக்கீல் ஒருநாள் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நான் ஒருத்தருக்குத் தனியா அனுப்பற மெசேஜ்... அதை நீங்க படிக்க முடியுமா?"

"நெனச்சா முடியும் சார். சர்வர் நம்ம வீட்லதானே இருக்கு. ஆனா படிக்க மாட்டேன்" என்றார் இவர். பொய் சொல்லத் தெரியாது. அன்றிலிருந்து வக்கீல் என்னைக் கண்டால் பத்தடி தூரத்திலேயே கும்பிடு போடுகிறார். அப்படி என்னதான் அனுப்பினாரோ, இவர் இன்றுவரை படிக்கவில்லை. எனக்குத்தான் கை பரபரக்கிறது.

அப்புறம்தான் நான் கொக்கைக் கண்டுபிடித்தேன். காலையில் எழுந்ததும் இவர் போனைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு வெள்ளைக் கொக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். காக்காய்க்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள். மறுநாள் நீர்க்காகம், அதற்கு மறுநாள் மீன்கொத்தி. தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் துருப்பிடித்த ஒரு வால்வுச் சக்கரம், நீல ரப்பர் செருப்பு, அதில் வெளிப்பக்கம் வளைந்த ஒரு கட்டைவிரல். இவர் அண்ணனின் கட்டைவிரல் எனக்குத் தெரியாதா?

பறவைப் பிரியர்களுக்கென்று ஒரு சர்வர் இருந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் நடத்துவது. கூடுகள் எங்கே இருக்கின்றன என்பது திருடர்களுக்குத் தெரியக்கூடாது என்று, எந்தச் சர்வரிலும் கணக்கு இல்லாமல் வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிற யாருக்கும் அங்கே எதையும் காட்ட மாட்டார். அண்ணன் அந்தச் சர்வரில் தினம் ஒரு பறவை போட்டுக்கொண்டிருந்தார். இவர் எப்படியோ தேடிப் பிடித்து, எங்கள் சர்வரில் இருந்தபடியே அவரைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். ஒரு வார்த்தை எழுதியதில்லை. பார்த்ததற்கு அடையாளமாக ஒரு இதயம்கூடப் போட்டதில்லை.

"அவனுக்கு நான்தான்னு தெரியாது" என்றார் பெருமையாக. லிஃப்ட் பட்டன் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு, ‘மேலே கீழே’ என்ற சர்வரிலிருந்து பின்தொடரும் ஆள் யாரென்று அண்ணனுக்குத் தெரியாதாம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? அந்தப் பத்து நிமிஷம் இவர் முகத்தில் இருந்த நிம்மதியைக் கெடுக்க மனசு வரவில்லை.

கெடுத்தது என் தம்பி.

என் தம்பி பால்கனிகளுக்குப் புறா வலை கட்டித் தருகிறவன். பிழைக்கத் தெரிந்த பிள்ளை. ஆசையாக வந்து மாமாவின் சர்வரில் சேர்ந்தான். ஊரே பறவையைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் அவனுக்குக் கைகால் ஓடவில்லை. ஒவ்வொரு பறவைப் படத்துக்குக் கீழேயும் போய், "இந்தத் தொல்லை உங்கள் வீட்டிலும் உண்டா? உடனே அழையுங்கள். கிழியாத வலை, ஐந்து வருட உத்தரவாதம்" என்று எழுதிவிட்டு, தன் போன் நம்பரையும் போட்டுவிட்டான்.

தலைமையாசிரியையிடமிருந்து இவருக்குச் செய்தி வந்தது. ‘தங்கள் சர்வரைச் சேர்ந்த நபர் எங்கள் மீன்கொத்திக்குக் கீழே வலை விற்றார். மரங்கொத்திக்குக் கீழே வலை விற்றார். ஆந்தைக்குக் கீழே, இரவு நேரச் சேவையும் உண்டு என்று எழுதினார். கண்டித்தபோது, என் பால்கனிக்கு இலவசமாக அளவெடுக்க வருவதாகச் சொன்னார். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும். ஆகவே தங்கள் சர்வர் முழுவதையும் பிளாக் செய்துள்ளேன். அவரை வெளியேற்றினால் வாசல் திறக்கும்.’

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா என்று எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் அவர் வீடு, அவர் வாசல். முதலாளி இல்லாத ஊரில் அவரவர் வாசலுக்கு அவரவர்தான் காவல். கட்டடத்தில் யாருக்கும் இது ஒரு நஷ்டமாகத் தெரியவில்லை. இவருக்கு மட்டும் மறுநாள் காலையில் கொக்கு வரவில்லை.

அதைவிட மோசம், கடைசியாக வந்த படம். மங்கலாக ஒரு நாரை, ஜன்னல் கம்பி குறுக்கே விழுந்திருந்தது. கீழே அண்ணன் எழுதியிருந்தார்: ‘இன்று கரை வரைக்கும் போக முடியவில்லை. ஜன்னலிலிருந்தே எடுத்தேன்.’ ஏன் போக முடியவில்லை? காலா, காய்ச்சலா, நெஞ்சா? அதற்குமேல் தெரிய வழியில்லை.

"ஒரு போன் பண்ணிக் கேளுங்களேன்" என்றேன்.

"அவன் பண்ணட்டும்."

முதலில் என் தம்பி எழுதியதையெல்லாம் எங்கள் சர்வரில் அழித்தார். பிரயோஜனமில்லை. இங்கே எழுதியதன் நகல் அங்கே போய் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டதாம். அழித்துவிடு என்று இங்கிருந்து போகும் செய்திகூட அடைத்த வாசலைத் தாண்டாதாம். மீன்கொத்திக்குக் கீழே என் தம்பியின் போன் நம்பர் இன்னமும் இருக்கிறது. ஆயுசு கெட்டி.

பிறகு அவனையே கூப்பிட்டார். "மச்சான், நீ வேற சர்வர் பார்த்துக்கயேன்."

"மாமா, யாரும் யாரையும் வெளியே தள்ள முடியாதுன்னு லிஃப்ட்ல எழுதி ஒட்டினது யாரு? நான் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்" என்றான் அவன்.

நானும் விட்டுக்கொடுக்கவில்லை. "என் தம்பியை வெளியே அனுப்பினீங்க, நான் வீட்ல இருக்கற அத்தனை துணியையும் தேய்க்க ஆரம்பிச்சிடுவேன்" என்றேன். பிளக் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

அன்றிலிருந்து இவர் சாப்பாட்டில் பாதி தட்டிலேயே இருந்தது. மெஷின் அறைக்குப் போனால் இறங்கி வர மனசில்லை. லிஃப்ட்டெல்லாம் தரைக்கு ஒரு விரல்கடை மேலே நிற்கத் தொடங்கின. வக்கீல் தடுக்கி விழுந்து, விழுந்த நிலையிலேயே எனக்குக் கும்பிடு போட்டார். தன் லிஃப்ட் தரைக்குச் சமமாக நிற்கவில்லை என்பதைக்கூடக் கவனிக்காத நிலையில் இவரை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. என் தம்பி, என் தம்பி என்று நான் வரிந்துகட்டிக்கொண்டு நிற்கிறேனே, இவருக்கு அவர் கூடப் பிறந்த அண்ணன்தானே என்று அப்போதுதான் உறைத்தது.

மொட்டை மாடிக்குப் போனேன். மெஷின் அறைப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு சொல்றேன், கோவப்படாம கேளுங்க. அன்னைக்கு உங்க அண்ணன் படியில வந்தது உங்களை நம்பாம இல்ல. அவருக்கு மூடின இடம்னாலே ஆகாது. நாம பழைய வீட்ல ஒண்ணா இருந்தப்போ பாத்ரூம் கதவைக்கூடத் தாழ் போட மாட்டாரு. யாரும் உள்ளே வந்துடக் கூடாதுன்னு பாடிக்கிட்டே குளிப்பாரு."

"அவன் பாட்டுப் பைத்தியம்."

"பாத்ரூமுக்கு வெளியே அவர் பாடி எப்பவாவது கேட்டிருக்கீங்களா?"

இவர் யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். கல்யாணமாகி வந்த எனக்கு ஒரே மாதத்தில் தெரிந்தது, கூடப் பிறந்து வளர்ந்தவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"அத்தனை பேர் முன்னாடி நான் அவனை..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். கண் கலங்கிவிட்டது. துடைக்கிறேன் பேர்வழி என்று கையிலிருந்த கிரீஸை முகமெல்லாம் பூசிக்கொண்டார்.

மறுநாள் ஏழாம் மாடிப் பெண்ணைக் கூப்பிட்டார். "லிஃப்ட்ல எடை கூடிப்போச்சுன்னா மத்தவங்களைத் தள்ளிவிடக் கூடாதும்மா. யாருக்கு அவசரமோ அவங்க இறங்கிப் போயிடணும். நான் இறங்கிக்கறேன்" என்றார். தான் கட்டிய சர்வரிலிருந்து தானே குடிபெயர்ந்து, தலைமையாசிரியையின் சர்வருக்கு வாடகைக்குப் போக முடிவுசெய்துவிட்டார். வாசல் அடைத்திருந்ததால், பின்தொடர்கிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவள் சொன்ன வசதியும் இல்லை. புதுக் கணக்கு, வெறுங்கை. பட்டன் படம் வேண்டாமென்று தன் முகத்தையே போட்டார்.

சேருவதற்கு முன் அந்த அம்மாள் ஒரு கேள்வி கேட்பார்: ‘ஏன் சேர விரும்புகிறீர்கள்?’ மற்றவர்கள் இயற்கை, அழகு என்றெல்லாம் எழுதுவார்களாம். இவர், ‘என் அண்ணன் அங்கே இருக்கிறான்’ என்று எழுதினார். பதில் வந்தது: ‘காரணம் ஏற்கப்பட்டது. ஆனாலும் பறவைப் படம் ஒன்று கட்டாயம்.’

‘மேலே கீழே’யின் சாவி என் கைக்கு வந்தது. நான் செய்த முதல் வேலை, தம்பிக்குப் போன் போட்டது. "டேய், இனிமே ஏதாவது ஒரு பறவைக்குக் கீழ உன் வலையைப் பார்த்தேன், சர்வர்லேருந்து எல்லாம் தள்ள மாட்டேன். நேரா உன் பொண்டாட்டிக்குப் போன் பண்ணி, நீ ஆறாங்கிளாஸ்ல ஃபெயிலான கதையைச் சொல்லிடுவேன்."

"அக்கா, அக்கா, வேணாம்க்கா" என்றான். அன்றோடு அடங்கிவிட்டான். எந்த சர்வரிலும் இல்லாத அதிகாரம் அக்காவுக்கு உண்டு.

இவர் மொட்டை மாடிக்குப் போய், மெஷின் அறை ஜன்னலில் கூடு கட்டியிருந்த புறாவைப் படம் எடுத்தார். அந்த ஜன்னலுக்கு வலை கட்டுகிறேன் என்று என் தம்பி எத்தனை முறை கெஞ்சியிருக்கிறான்! ‘புறா. முட்டை வைத்திருக்கிறது’ என்று எழுதிப் போட்டார். பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கிணுங்கென்று ஒரு சத்தம் வந்தது. திருப்பிப் பார்த்தார்.

பம்ப் ஹவுஸிலிருந்து ஒரே ஒரு வரி. ‘எத்தனாவது மாடி?’

நலமா என்று கேட்கவில்லை, யார் என்று கேட்கவில்லை. இவர் என்னவோ தட்டினார், அழித்தார். மறுபடி தட்டினார், மறுபடி அழித்தார். வாழ்நாள் முழுக்க லிஃப்ட்டைத் தவிர வேறொன்றைப் பற்றி நல்லவிதமாக ஒரு வார்த்தை பேசாத மனுஷர், கடைசியில் எழுதி அனுப்பினார்: ‘ஒன்பதுக்கும் மேல. படி இருக்கு.’

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று பதில் வந்தது. அதிகம் யாரும் நடக்காத படிகள், ஒட்டடையும் தூசியும். ஒன்பது மாடியையும் நான்தான் பெருக்கினேன், இடுப்பு போயிற்று. இவர் நாலாவது மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலி, ஏழாவது மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலி என்று கொண்டுபோய் வைத்தார். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அதைப் பார்த்த நாலாம் மாடி வக்கீல் பயந்துபோனார். அண்ணன் கீழே வந்துவிட்டார் என்றதும் இவர் லிஃப்ட்டைத் தொடவில்லை. படியிலேயே இறங்கி ஓடினார்.

இரண்டு பேரும் மூச்சு வாங்கும் சத்தம் முதலில் வந்தது, பின்னாலேயே அவர்கள் வந்தார்கள். அண்ணனுக்கு வந்தது வெறும் ஜலதோஷம்தானாம். தண்ணீர் குடித்து, வேர்வை துடைத்து உட்கார்ந்த பிறகுதான் அவருக்குப் பேச்சே வந்தது.

"நீ வந்து பின்தொடர்ந்த அன்னைக்கே தெரியும்டா. பட்டன் படம் வெச்சா ஆளு தெரியாதா? இல்லைன்னா கொக்கு மேல எனக்கென்ன அவ்வளவு ஆசை?"

"அப்புறம் ஏண்ணே ஒரு வார்த்தை எழுதல?"

"என்னைக்காவது நீ ஒரு இதயம் போடுவே, அப்ப எழுதலாம்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

இவர் குனிந்து போனை எடுத்து, அண்ணன் போட்ட முதல் கொக்கிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக இதயம் போட்டுக்கொண்டே வந்தார். நான் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தேன், அது ஆறியும் போயிற்று. அண்ணனின் சட்டைப் பையில் போன் கிணுங்கிக்கொண்டே இருந்தது.